சைகோன் கடை, ரெண்டு பட்டாளம், ஒரு மூட்டை அரிசி: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல வியட்நாம்ல இருக்குற சைகோனுக்குக் கடன் குடுத்து வாங்குற கடை வைக்க, அதாவது கொண்டுவிக்கப் போன நம்ம பக்கத்து நகரத்தார் ஆளுங்களப் பத்தி எழுதும்போது "அப்புறம் அங்க சண்டை வந்துச்சு, பல பேரு கடையக் கட்டிட்டு ஊருக்கு வந்துட்டாங்க"ன்னு ஒரே வரில முடிச்சிருந்தேன். அந்த ஒரு வரியப் பிடிச்சுக்கிட்டுத்தான் இந்தத் தடவை பாதிக் கேள்வி வந்திருக்கு, என்ன சண்டை, யாரு யாரோட, ஏன் பெரிய பட்டாளம் தோத்துச்சுன்னு. நியாயமான கேள்விங்கதான், அதனால இந்த மாசம் மத்த கேள்வியெல்லாம் ஒதுக்கி வச்சுட்டு இதுக்கு மட்டும் பதில் சொல்றேன்.

கானாடுகாத்தான் வாசகர்: அது பிரான்சுக்கும் வியட்நாமுக்கும் நடந்த சண்டைன்னு சொல்லிட்டா போதுமா? ரெண்டு பக்கமும் யாரு இருந்தாங்க?

போதாதுங்க. ஏன்னா பிரெஞ்சுப் பட்டாளம்னு நாம சொல்றதுல பிரெஞ்சுக்காரங்க ஒரு பகுதிதான். பிரான்ஸ்ல கட்டாய ராணுவ சேவைக்குப் போன பசங்கள இந்தோசீனாவுக்கு, அதாவது அப்ப பிரான்ஸ் ஆண்ட வியட்நாம், லாவோஸ், கம்போடியா பக்கத்துக்கு அனுப்பல, அனுப்பினா அங்க ஓட்டுப் போடுற அப்பா அம்மா சும்மா இருப்பாங்களா. அதனால சம்பளத்துக்குச் சேர்ந்த சிப்பாய்ங்கதான் வந்தாங்க, மொராக்கோ, அல்ஜீரியா, துனீசியா, செனகல்ல இருந்து கொண்டு வந்தவங்க, கூடவே வெளிநாட்டுக்காரங்கள சேத்து வச்சிருந்த ஃபாரின் லீஜியன்னு ஒரு படை, அதுல ஏகப்பட்ட ஜெர்மன்காரங்க, ரெண்டாம் உலகப்போர்ல ஹிட்லர் பட்டாளத்துல இருந்துட்டு வந்தவங்களும் அதுல உண்டு. இதுக்கு மேல வியட்நாம் ஆளுங்களையே சேர்த்துக்கிட்டாங்க, வடக்கு மலையில இருக்குற தாய் இனத்து ஆளுங்களையும் தனி பட்டாலியனா வச்சிருந்தாங்க. 1949ல பாவோ தாய் மன்னர் பேர்ல ஒரு அரசாங்கம் அமைச்சு அதுக்குன்னு வியட்நாம் தேசியப் படைன்னு தனியா ஒண்ணும் உண்டாக்கினாங்க. சண்டை முத்தின காலத்துல பிரெஞ்சுப் படை மட்டும் 1,75,000 பேருக்கு மேல, இந்த தேசியப் படை அதுல சேராது.

அந்தப் பக்கம் வியட்மின். 1941ல ஹோ சி மின் தலைமைல ஆரம்பிச்ச விடுதலை முன்னணி. அதோட ராணுவம் பிறந்தது 1944 டிசம்பர் 22, சீன எல்லையோரம் காவோ பாங் காட்டுக்குள்ள, மொத்தம் 34 பேரு, அதுல 3 பேரு பெண்கள், கையில ஒரே ஒரு மெஷின்கன், மிச்சம் எல்லாம் ரைஃபிளும் பழைய நாட்டுத் துப்பாக்கியும்தான். அதுக்குத் தலைவர் வோ நுயென் கியாப், ஹனோய்ல பள்ளிக்கூடத்துல சரித்திரம் சொல்லிக் குடுத்த வாத்தியார், எந்த ராணுவக் கல்லூரியிலும் படிக்காதவர். பத்தே வருஷத்துல அந்த 34 பேரு டிவிஷன் டிவிஷனா ஆயிட்டாங்க.

அவங்க படை மூணு அடுக்கு. கிராமத்துல பகல்ல நாத்து நட்டுட்டு ராத்திரி காவல் காக்குற ஊர்க்காரங்க முதல் அடுக்கு, அதுக்கு மேல வட்டாரப் படை, அதுக்கு மேலதான் யூனிஃபார்ம் போட்ட முழுநேரப் படை. கீழ் அடுக்குல நல்லா வந்தவன மேல் அடுக்குக்கு எடுத்துப்பாங்க. பிரெஞ்சுக்காரன் மேல் அடுக்க அடிச்சு நொறுக்கினாலும் கீழ இருந்து ஆள் வந்துக்கிட்டே இருக்கும், பிரெஞ்சுக்காரனுக்கு அப்படி ஆள் வரணும்னா கப்பல்லதான் வரணும்.

தேவகோட்டை ஆச்சி ஒருத்தங்க: எங்க ஐயா டிரங்குப் பெட்டியில பியாஸ்தர் நோட்டு ஒரு கட்டு இருக்கு. இது இப்ப செல்லுமா? அந்தச் சண்டைக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

பியாஸ்தர்ங்கிறது பிரெஞ்சுக்காரன் காலத்து இந்தோசீனாப் பணம். இப்ப செல்லாதுங்க ஆச்சி, பழைய நோட்டு சேக்குறவங்க வேணா வாங்குவாங்க, ஆனா குடுத்துடாதீங்க, பேரப்பிள்ளைங்களுக்குக் காட்ட வேண்டிய நோட்டு அது. அடிச்சது பாங்க் த லாந்தோசீன், அதாவது இந்தோசீனா பேங்க், நம்ம புதுச்சேரிக்கும் ஒரு காலத்துல அதே பேங்க்தான் ரூபா நோட்டு அடிச்சுது.

சம்பந்தம் நிறைய உண்டு. 1945 டிசம்பர்ல பிரான்ஸ் ஒரு பியாஸ்தருக்கு 17 ஃபிராங்க்னு ரேட்டு கட்டுச்சு. ஆனா சைகோன் கடைத்தெருவுல அதோட நெஜ மதிப்பு பத்து ஃபிராங்க் கூட போகாது. உங்க ஐயா மாதிரி வட்டிக்கணக்கு தெரிஞ்சவங்களுக்கு இதுக்கு மேல விளக்க வேண்டாம். வெளி மார்க்கெட்ல குறைஞ்ச விலைக்கு பியாஸ்தர வாங்கி அத அதிகாரபூர்வமா பிரான்சுக்கு அனுப்பினா 17 ஃபிராங்க் கையில வந்துடும், நடுவுல உள்ள வித்தியாசத்த பிரெஞ்சு அரசாங்கக் கஜானா கட்டும். பர்மிட் வாங்கித் தர செல்வாக்கு இருந்தா போதும், அதிகாரி, அரசியல்வாதி, வியாபாரின்னு ஆளாளுக்கு சம்பாதிச்சாங்க. இதுல கொடுமை என்னன்னா இந்தச் சுழற்சியில வியட்மின் ஆளுங்களும் புகுந்து டாலர் சேத்து ஆயுதம் வாங்கினாங்க. அதாவது தன் சிப்பாய சுடுற தோட்டாவுக்கு தன் கஜானாவே காசு கட்டுச்சு. 1953 மே மாசம்தான் ரேட்ட 10 ஃபிராங்க்கா குறைச்சாங்க, அதுக்குள்ள ஏழு வருஷத்துக்கு மேல போயிடுச்சு.

இன்னொண்ணு, 1946ல இருந்தே வியட்மின் தனியா நோட்டு அடிக்க ஆரம்பிச்சுட்டாங்க, ஹோ சி மின் படம் போட்ட நோட்டு. ஒரே நாட்டுல ரெண்டு பட்டாளம், ரெண்டு நோட்டு. எந்த ஊர்ல எந்த நோட்டு செல்லுதுன்னு பாத்தாலே அந்த ஊர் யார் கையில இருக்குன்னு தெரிஞ்சுடும். பெட்டிய இன்னொரு தடவை நல்லா கிளறிப் பாருங்க ஆச்சி, ஹோ சி மின் படம் போட்ட நோட்டு ஒண்ணாவது கிடைச்சா எனக்கு எழுதுங்க.

சிறுவயல் வாசகர்: நம்ம மருது பாண்டியரும் காட்டுக்குள்ள இருந்துதான் வெள்ளைக்காரனோட சண்டை போட்டாங்க. அவங்க ஏன் தோத்தாங்க, வியட்நாம்காரன் ஏன் ஜெயிச்சான்?

சிறுவயல்ல இருந்து இந்தக் கேள்வி வந்ததுல எனக்கு அவ்வளவு சந்தோஷம். 1801ல கர்னல் அக்னியூவோட கம்பெனிப் படை காளையார்கோவிலுக்குப் பாதை வெட்ட ஆரம்பிச்சது உங்க ஊர்ல இருந்துதான். ஒரு மாசம் கிட்ட மரத்த வெட்டிக்கிட்டே போனாங்க, பக்கவாட்டுல இருந்து மருது ஆளுங்க அடிச்சுக்கிட்டே இருந்தாங்க, கடைசியில அந்தப் பாதைய அப்படியே கைவிட்டுட்டுப் பின்வாங்கினாங்க. இதே கதைதான் 1950 அக்டோபர்ல வியட்நாம் வடக்குல 4ஆம் நம்பர் ரோட்டுல நடந்துச்சு, காவோ பாங் கோட்டைய விட்டு வெளிய வந்த பிரெஞ்சுப் படையும் அத அழைச்சுட்டு வரப்போன படையும் மலைக்கும் காட்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு ஆயிரக்கணக்குல செத்தும் பிடிபட்டும் போனாங்க. ரோட்ட நம்பி வர்ற படைய காட்டுக்குள்ள இருக்குறவன் அடிக்கிறது ரெண்டு எடத்துலயும் ஒண்ணுதான்.

வித்தியாசம் அப்புறம்தான். அக்னியூ பாதைய விட்டதும் வேற வேலை பாத்தார். படமாத்தூர் கௌரி வல்லபரக் கொண்டுவந்து சோழபுரத்துல ஜமீனா பட்டம் கட்டினார், அதோட மருது பக்கம் இருந்த ஜனத்துல ஒரு பகுதி விலகிடுச்சு. புதுக்கோட்டை தொண்டைமானும் எட்டயபுரமும் ஏற்கனவே கம்பெனி பக்கம். சுத்தி நாலு பக்கமும் எதிரி, சாமான் தர்றதுக்கு ஒரு எல்லை கூட திறந்து இல்ல. அக்டோபர் 1 அன்னைக்கு பல பக்கத்துல இருந்து ஒரே நேரத்துல ஏறி காளையார்கோவில எடுத்தாங்க, 24ஆம் தேதி திருப்பத்தூர்ல அண்ணன் தம்பி ரெண்டு பேரையும் தூக்குல போட்டாங்க.

பிரெஞ்சுக்காரன் பாவோ தாய வச்சு செஞ்சதும் இதே வேலைதான், உள்ளூர் ராஜா ஒருத்தர முன்னாடி நிறுத்தி ஜனத்த பிரிக்கிறது. ஆனா அங்க பலிக்கல. ஒரு காரணம் 1949ல சீனால மாவோ ஜெயிச்சுட்டார், அதுல இருந்து வடக்கு எல்லை வழியா பீரங்கியும் பயிற்சியும் வந்துக்கிட்டே இருந்துச்சு. மருதுவுக்கு அப்படி ஒரு வடக்கு எல்லை கிடைச்சிருந்தா... இத நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துடும். இன்னொரு காரணம் பசி. 1944, 45ல வடக்கு வியட்நாம்ல பெரும்பஞ்சம், ஜப்பான்காரனும் பிரெஞ்சு நிர்வாகமும் நெல்ல வாரிக்கிட்டுப் போனாங்க, நெல் வயல்ல சணல் போடச் சொன்னாங்க, தெற்குல இருந்து அரிசி வர்ற ரயிலும் கப்பலும் குண்டுவீச்சுல நின்னு போச்சு, லட்சக்கணக்கான பேரு செத்தாங்க. அந்த நேரத்துல நெல்லுக் களஞ்சியத்த உடைச்சு ஜனத்துக்குக் குடுத்தது வியட்மின். பசில சோறு போட்டவன ஜனம் மறக்குமா.

காரைக்குடி கல்லூரி மாணவர்: டியன் பியன் பூல பிளேனும் டாங்கியும் வச்சிருந்த படை தோத்தது எப்படி? கொஞ்சம் விரிவா சொல்லுங்க சார்.

விரிவாவே சொல்றேன் தம்பி.

டியன் பியன் பூ லாவோஸ் எல்லையோரம் ஒரு பள்ளத்தாக்கு, நீளம் 18 கிலோமீட்டர் இருக்கும், சுத்தி மலை. 1953 நவம்பர் 20 பிரெஞ்சுக்காரங்க அங்க பாராசூட்ல இறங்கினாங்க. அங்க பிரெஞ்சுப் படைக்குத் தலைவரா இருந்த ஜெனரல் நவார் போட்ட கணக்கு என்னன்னா ஹனோய்ல இருந்து சாமான் எல்லாம் பிளேன்ல வந்துடும், வியட்மின்னால அந்த மலை மேல பெரிய பீரங்கிய ஏத்த முடியாது, ஏத்தினாலும் நம்ம பீரங்கி அத அடிச்சுடும், வெளிய வந்து மோதினா மொத்தமா முடிச்சுடலாம். பத்து டாங்கிய பிரிச்சு பிளேன்ல கொண்டுவந்து அங்கேயே மாட்டினாங்க.

இப்ப அந்தப் பக்கம் பாருங்க. 105 எம்.எம். பீரங்கி ஒண்ணு ரெண்டு டன்னுக்கு மேல எடை, அத மலைப்பாதையில கயிறு கட்டி கையாலயே இழுத்தாங்க. நம்ம பிள்ளையார்பட்டி தேர் இழுக்குறத பாத்திருப்பீங்கல்ல, வடம் பிடிக்கிறவங்க முன்னாடி, சக்கரத்துக்கிட்ட கட்டை போடுறவங்க ரெண்டு பக்கமும். கட்டை போடுறவருக்குத்தான் உயிர் போற வேலை. அதே மாதிரிதான் அங்கேயும், ஆனா மாட வீதி இல்ல, செங்குத்தான சேத்துப் பாதை, ராத்திரி இருட்டு, வெளிச்சம் போட்டா பிளேன் வந்துடும். தோ வின் தியென்னு ஒரு சிப்பாய், சரிவுல பீரங்கி உருள ஆரம்பிச்சதும் வேற வழி இல்லாம தன் உடம்பையே சக்கரத்துக்குக் கட்டையா குடுத்து நிறுத்தினார், செத்துப்போனார். அவர் பேர அந்த நாட்டுல சின்னப் பிள்ளைக்குக் கூட தெரியும்.

இதுல நான் பெருசா மதிக்கிறது வேற ஒரு விஷயம். 1954 ஜனவரி கடைசியில தாக்குதலுக்கு எல்லாம் தயார், பீரங்கி எல்லாம் மேல ஏத்தியாச்சு, பட்டாளம் துடிச்சுக்கிட்டு இருக்கு. 26ஆம் தேதி கியாப் நிறுத்தச் சொல்லிட்டார். அவசரமா பாஞ்சா ஜெயிக்கிறது நிச்சயமில்லன்னு தோணிடுச்சு, ஏத்தின பீரங்கிய திரும்ப இறக்கச் சொன்னார். மூணு வருஷம் முன்னாடி 1951 ஜனவரில வின் யென்ல சமவெளியில நேரா பாஞ்சு, நாபாம்ங்கிற தீக்குண்டுல ஆயிரக்கணக்கான பசங்கள இழந்தவர் அவர். அந்த தப்ப திரும்பப் பண்ணக்கூடாதுன்னு நினைச்சாரு. தன் வாழ்க்கையிலயே கஷ்டமான முடிவு அதுன்னு பின்னாடி அவரே சொல்லியிருக்கார். ஏத்தினத இறக்கு, மறுபடி வேற எடத்துல ஏத்து, மலைக்குள்ள குகை மாதிரி வெட்டி பீரங்கிய ஒளிச்சு வைன்னு இன்னும் ஒன்றரை மாசம்.

மார்ச் 13 சாயங்காலம் அடி விழுந்துச்சு. பியாட்ரிஸ்னு பேர் வச்ச முகாம், லீஜியன் படை காத்த எடம், அன்னைக்கு ராத்திரியே போச்சு. கேப்ரியல்னு இன்னொரு முகாம், அங்க அல்ஜீரிய சிப்பாய்ங்க, அது 15ஆம் தேதி போச்சு. மலையில ஒரு பீரங்கி கூட மிஞ்சாதுன்னு வாக்குக் குடுத்த பீரங்கிப்படைத் தலைவர் கர்னல் பிரோத் அவமானம் தாங்காம கையெறி குண்ட வெடிச்சு தற்கொலை பண்ணிக்கிட்டார். மாசக் கடைசியில ரன்வே செத்துப்போச்சு, அப்புறம் எல்லாமே பாராசூட்ல போட்டதுதான், அதுல பாதி எதிரி பக்கம் விழும், காயம்பட்டவன வெளிய எடுத்துட்டுப் போக வழியே இல்ல. வியட்மின் பள்ளம் தோண்டிக்கிட்டே பக்கத்துல பக்கத்துல வந்தாங்க, A1 குன்றுக்கு அடியில சுரங்கம் வெட்டி கிட்டத்தட்ட ஒரு டன் வெடிமருந்த வச்சு மே 6 ராத்திரி வெடிச்சாங்க, மறுநாள் மே 7 எல்லாம் முடிஞ்சுது.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன் தம்பி. நம்ம நகரத்தார் கடையில வருஷக் கடைசியில ஐந்தொகை எடுப்பாங்க, கடை நெஜமாவே என்ன நெலமையில இருக்குன்னு அதுல தெரிஞ்சுடும். இந்த ரெண்டு பட்டாளத்துக்கும் ஐந்தொகை எடுத்தீங்கன்னா பீரங்கியப் பாக்காதீங்க, சோத்தப் பாருங்க. பிரெஞ்சு சிப்பாய்க்கு சோறு 300 கிலோமீட்டர் தள்ளி ஹனோய்ல இருந்து அமெரிக்கா குடுத்த பிளேன்ல வருது, சண்டைச் செலவுல பெரும்பகுதியும் அப்ப அமெரிக்காதான் கட்டுச்சு. அந்தப் பக்கம் கிட்டத்தட்ட 2,60,000 ஊர்க்காரங்க சுமந்து வர்றாங்க, பாதிக்குப் பாதி பெண்கள்னு சொல்ற அளவுக்கு. சுமக்குறவனும் வழியில சாப்பிடணும்ல, தோள்ல தூக்கிட்டுப் போற அரிசில பெரும்பகுதி போற வழியிலேயே தீந்துடும். அதுக்குத்தான் சைக்கிள்.

ஹனோய் மியூசியத்துல அந்த மாதிரி சைக்கிள் ஒண்ணு நின்னு பாத்தேன், அரை மணி நேரம் அங்கயே நின்னுட்டேன். சீட்டு இருக்குற குழாய்ல ஒரு மூங்கில் கம்பு செங்குத்தா செருகியிருக்கு, ஹேண்டில்பார்ல இன்னொரு மூங்கில கட்டி நீளமா வெளிய இழுத்துவிட்டிருக்கு. ஏறி ஓட்டுறதுக்கு இல்ல, பக்கத்துல நடந்துக்கிட்டே ஒரு கையால திருப்பி ஒரு கையால தள்ளுறதுக்கு. டயருக்குள்ள பழைய துணியச் சுத்தி பலப்படுத்துவாங்களாம். சுமந்தா இருபது இருபத்தஞ்சு கிலோ தூக்குற ஆளு இதுல 200 கிலோ தள்ளுவார், 300க்கு மேல தள்ளினவங்களும் உண்டு. அதுல பல சைக்கிள் பெஜோ, பிரெஞ்சுக் கம்பெனி சரக்கு.

அந்த ஜனம் எதுக்கு அவ்வளவு தூரம் தள்ளுச்சுன்னா, 1953 டிசம்பர்ல நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்துடுச்சு, ஜெயிச்சா நெலம் நமக்குன்னு ஒரு நம்பிக்கை. அந்தச் சட்டத்த நடத்தினப்ப நிறைய அநியாயமும் நடந்துச்சு, குத்தம் இல்லாதவங்களையும் நிலக்கிழார்னு சொல்லி சுட்டாங்க, 1956ல ஹோ சி மின் அரசாங்கமே தப்பு நடந்துச்சுன்னு ஒத்துக்கிச்சு. அதையும் சேத்து தெரிஞ்சுக்கணும். பிடிபட்ட பிரெஞ்சுப் பக்கத்து சிப்பாய்ங்க பத்தாயிரத்துக்கு மேல, காட்டு வழியா நூத்துக்கணக்கான கிலோமீட்டர் நடத்திக் கூட்டிட்டுப் போனாங்க, நாலு மாசம் கழிச்சு ஒப்படைச்சப்ப சுமார் 3,300 பேருதான் வந்து சேந்தாங்க.

புதுவயல் வாசகர்: இந்திய சிப்பாய்ங்க யாராச்சும் அந்தச் சண்டையில இருந்தாங்களா?

இருந்தாங்க, அது நமக்குப் பெருமைப்படுற மாதிரி இல்ல. 1945 செப்டம்பர்ல ஜப்பான் சரணடைஞ்சதும் தெற்கு வியட்நாம்ல ஜப்பான்காரன்கிட்ட ஆயுதத்த வாங்குற வேலைக்கு பிரிட்டிஷ்காரன் அனுப்பினது 20ஆவது இந்திய டிவிஷன், தலைவர் ஜெனரல் கிரேசி. செப்டம்பர் 2 ஹனோய்ல ஹோ சி மின் விடுதலைய அறிவிச்சு மூணு வாரம்தான் ஆகுது. கிரேசி, ஜப்பான் சிறையில இருந்து வெளிய வந்த பிரெஞ்சு சிப்பாய்ங்களுக்கு துப்பாக்கி குடுத்தார், 23ஆம் தேதி அவங்க சைகோன் ஆபீஸ் எல்லாத்தையும் பிடிச்சுக்கிட்டாங்க. அப்புறம் கலவரம், அத அடக்க இந்திய சிப்பாய்ங்களோட ஜப்பான் சிப்பாய்ங்களையும் இறக்கினாங்க. அடிமை நாட்டு சிப்பாய வச்சு இன்னொரு அடிமை நாட்டு ஜனத்த அடிக்கிறதான்னு இங்க காங்கிரஸ் தலைவர்கள் கொதிச்சாங்க, நேரு வெளிப்படையாவே கண்டிச்சார். 1946 ஆரம்பத்துல அந்தப் படை கிளம்பிடுச்சு.

அது போக புதுச்சேரி, காரைக்கால் ஆளுங்க. பிரெஞ்சுக் குடிமக்களா சைகோன்ல போலீஸ், சுங்கம், ஜெயில்னு வேலை பாத்தவங்க நிறைய, பட்டாளத்துல இருந்தவங்களும் உண்டு, இன்னைக்கும் புதுச்சேரில அவங்கள "சொல்தா"ன்னுதான் சொல்லுவாங்க, பிரெஞ்சுல சிப்பாய்னு அர்த்தம். ஒரு தேதிய மட்டும் கவனிங்க. 1954 நவம்பர் 1 புதுச்சேரி நம்ம கைக்கு வந்துச்சு. அதே நாள் அல்ஜீரியால பிரான்சுக்கு எதிரா அடுத்த விடுதலைச் சண்டை வெடிச்சுது. டியன் பியன் பூல பிரான்சுக்காக நின்னு பிடிபட்ட அல்ஜீரிய சிப்பாய்ங்கள்ல சில பேரு ஊருக்குத் திரும்பி அந்த விடுதலைப் படையிலேயே சேந்துட்டாங்க.

பள்ளத்தூர் வாசகர்: வியட்மின்னும் வியட்காங்கும் ஒண்ணா?

இல்ல. வியட்மின் பிரெஞ்சுக்காரனோட நின்னவங்க, 1954 ஜூலை ஜெனீவா ஒப்பந்தத்தோட அந்தச் சண்டை முடிஞ்சு நாடு 17ஆவது அட்சரேகையில ரெண்டா பிரிஞ்சுது. அந்த ஒப்பந்தத்த மேற்பார்வை பாத்த கமிஷனுக்கு இந்தியாதான் தலைமை, கனடாவும் போலந்தும் கூட. வியட்காங்னு சொல்றது 1960ல அமைஞ்ச தெற்கு விடுதலை முன்னணிய, அது அமெரிக்காவோட நடந்த சண்டை. பழைய ஆளுங்க பல பேரு ரெண்டுலயும் இருந்தாங்க, அதனால குழப்பம்.

கோனாபட்டு வாசகர்: நம்ம ஆளுங்க யார் பக்கம் இருந்தாங்க? மனசத் தொட்டு சொல்லுங்க.

மனசத் தொட்டே சொல்றேன். எங்க அப்பத்தாவோட அண்ணன் கடையில வேலை பழகுற பெட்டியடிப் பையனா சைகோன் போயி ஏஜெண்டா திரும்பினவர், அவர் சொல்லி நான் கேட்டது. பகல்ல ஊருக்குள்ள போனா கும்பிடுவாங்க, ராத்திரி அந்த ஊர் வேற ஆளுங்களோடதுன்னு சொல்லுவார். சண்டை வந்த பிறகு வசூலுக்குப் போன எடத்துல ஒரு விவசாயி, கோபமே இல்லாம, இனிமே வராதீங்கன்னு சொல்லி ஒரு இளநிய வெட்டிக் குடுத்து அனுப்பினாராம். கடைசி வரைக்கும் அவர் அந்த இளநியப் பத்தித்தான் பேசுவார், வராக்கடனப் பத்திப் பேசவே மாட்டார்.

நம்ம ஆளுங்க துப்பாக்கி தூக்கல, கொள்ளை அடிக்கல, கணக்கு எழுதி கடன் குடுத்தாங்க. பேங்க் எட்டிக்கூட பாக்காத கிராமத்துக்கு நாத்து நட காசு குடுத்தது அவங்கதான், அதுவும் உண்மை. ஆனா அந்தக் கடனும் வட்டியும் பாதுகாப்பா இருந்தது பிரெஞ்சுக்காரன் கோர்ட்ட நம்பி, அடமானம் வச்ச வயலு போச்சுன்னா அந்த விவசாயி போறதுக்கு வேற எடம் இல்ல. அவன் பையன்தான் கீழ் அடுக்குல ராத்திரிக் காவல் நின்னது. நாமளா விரும்பி எடுத்த பக்கம் இல்லன்னாலும் நம்ம பேரேடு ஒரு பக்கத்துலதான் இருந்துச்சு, இத நம்ம வீட்டுப் பிள்ளைங்களுக்குச் சொல்லணும்னு நான் நினைக்கிறேன். பெரிய வீட்டுத் தூண காட்டுறப்ப அந்தத் தூணுக்குப் பின்னாடி இருக்குற வயலையும் சேத்து காட்டுங்க.

கோயில் இருக்கான்னு அதே கடிதத்துல கேட்டிருந்தீங்க, இருக்கு. தோன் தாத் தியெப் தெருவுல தெண்டாயுதபாணி கோயில் இன்னும் இருக்கு. துருவோங் தின் தெருவுல மாரியம்மன் கோயில், அங்க நான் போனப்ப வெள்ளிக்கிழமை, கூட்டம் முழுக்க வியட்நாம் பெண்கள், ஊதுபத்தியக் கொத்தா கையில பிடிச்சுக்கிட்டு நெத்திய கோயில் சுவத்துல வச்சு எதையோ ரொம்ப நேரம் முணுமுணுத்து வேண்டிக்கிட்டு இருந்தாங்க.